இது எதுக்குன்னு தெரியுமா?

திருவான்மியூரிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், மீன் விற்றுத் திரும்பிய ரோஸி கம்பியிலிருந்த சிவப்பு பட்டனை அமுக்கினாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்டக்டர் சுப்பராயனுக்கு உடனே போன் வந்தது.

"யாரோ தெரியாம அமுத்திட்டாங்க போல சார்," என்று சமாளித்தவர், நேராக ரோஸியிடம் வந்தார்.

"இன்னாம்மா, எறங்கணும்னா இதையா அமுத்துவ? பொம்பளைங்க பாதுகாப்புக்குன்னு கவர்மெண்ட் பணம் ஒதுக்கி வெச்சிக்கீது. இது எதுக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"பெல்லுன்னு நெனச்சிக்கினேன் நைனா."

பஸ்ஸே சிரித்தது. பின்னால் நின்ற லேப்டாப் பைக்காரன், "இவங்களுக்குப் போய் இதெல்லாம் வெச்சா இப்படித்தான்," என்றான். ரோஸி காலி மீன்கூடையை வாசலுக்குக் குறுக்கே நகர்த்தி வைத்தாள்.

அடையாறில், பட்டன் அமுங்கியதை விசாரிக்கப் பெண் போலீஸ் ஒருவர் ஏறினார்.

"ஒண்ணுமில்ல மேடம். இந்தம்மா தெரியாம அமுத்திட்டாங்க," என்றார் சுப்பராயன்.

"தெரிஞ்சுதான் அமுத்தினேன்." ரோஸி லேப்டாப் பைக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏறினதுலேர்ந்து இந்தப் பொண்ணை ஒரசிக்கினே வரான் மேடம்."

கம்பியோடு ஒடுங்கி நின்ற கல்லூரி மாணவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

அவனைப் போலீஸ் இறக்கிக்கொண்டு போனதும், "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. நான் வேற திட்டிட்டேன்," என்றார் சுப்பராயன்.

"சொல்லியிருந்தா சிக்னல்ல எறங்கி ஓடியிருப்பான். நீ திட்டினதாலதான் தைரியமா நின்னுக்கினு வந்தான்." ரோஸி கூடையை இழுத்துக்கொண்டு சிவப்பு பட்டனைக் காட்டினாள். "இதுக்குத்தானே நைனா வெச்சிக்கீது?"