குழாய்க்குள் விளைந்த கல்

"ஏனுங்க பச்சமுத்து, இன்னைக்காச்சும் போர் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"கம்ப்ரசர் மக்கர் பண்ணுதுங்க. திருச்செங்கோட்டுல இருந்து சாமான் வரணும்," என்றார் ரிக் வண்டிக்காரர் பச்சமுத்து.

ஐந்து நாளாக இதே பதில். சின்னுசாமிக்குப் பொறுமை போய்விட்டது.

"வண்டி ஓட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா தொழிலுக்கு வர்றீங்க?"

பச்சமுத்து கம்ப்ரசர் பக்கம் குனிந்துகொண்டார்.

சித்திரை வெயில். பண்ணையில் நாலாயிரம் கோழிகள் டேங்கர் தண்ணீரை நம்பி இருந்தன. பழைய போர்வெல்லில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் பச்சமுத்து உருவிப் போட்ட குழாயில் விரல் நுழைய இடமில்லை. உள்ளே வெள்ளைக் கல்லாக உப்பு படிந்திருந்தது. குழாயை மாற்றினாலும் மூன்றே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புது போர்.

அடைத்த குழாயைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொல்லி, நாலு நாளாக அபிநயா என்ற பெண்ணும் பாட்டில்களோடு வந்துபோய்க்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கிணற்று ஆய்வுக்கூடத்தில் வேலையாம், லீவில் வந்திருக்கிறாளாம். வண்டி சரியாகும்வரை பார்க்கட்டுமே என்று சின்னுசாமி விட்டுவிட்டார்.

"எண்ணெய்க் கிணத்துலயும் இதே தொல்லைதாங்க," என்று முதல் நாளே சொன்னாள். "எண்ணெயத் தள்ளுறதுக்குக் கடல்தண்ணிய உள்ள விடுவோம். அது அடியில கிடக்கிற தண்ணியோட கலந்தா கல்லாப் படியும். எங்க விட்ட தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு தெரிய ஒரு அடையாள மருந்து கலப்போம். கோழிக்குக் கெடுதல் இல்லாததா இங்கயும் போட்டுப் பாக்கலாங்க."

கோழிக்கு ஆகாதென்று இறைக்காமல் விட்ட திறந்த கிணற்றில் ஒரு மருந்து, மழைநீர்க் குழியில் வேறொரு மருந்து போட்டாள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போர்வெல்லுக்குள் குப்பியை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். வெயிலுக்கு ஒதுங்கக்கூட இல்லை.

அன்று மதியம் தண்ணீரைச் சோதிக்கும் கருவியோடு ஓடிவந்தாள்.

"கிணத்துல போட்டது போருக்குள்ள வந்திருச்சுங்க. தனித்தனியா ரெண்டு தண்ணியும் கல்லாகாது. கலந்தாத்தான் கல்லு. கிணத்துத் தண்ணிய தெனமும் தென்னைக்கு இறைச்சு, மட்டத்தக் கீழயே வெச்சிருங்க. போர்ப்பக்கம் போகாது. புதுசாப் பக்கத்துல எத்தனை அடி போட்டாலும் இதேதான் நடக்குங்க."

சின்னுசாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். முப்பது வருசம் அவர் இறைத்த கிணறு. பூமிக்குள் அது போன வழியை இந்தப் பெண் நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

"உன்னப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க, சாமி," என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே பாட்டில்களை எடுத்து வைக்கப் போனாள்.

பச்சமுத்துவிடம் எப்படிச் சொல்வது? காலையில் பேசிய பேச்சு வேறு உறுத்தியது. தயங்கித் தயங்கிப் போனார்.

"கோவிச்சுக்காதீங்க. போர் வேண்டாங்க. வண்டி சரியானதும்..."

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் பச்சமுத்து. "போட மாட்டேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வேற வண்டியக் கூட்டியாந்திருப்பீங்க, அதான் எம்பொண்ணு வந்து பாத்து முடிக்கிற வரைக்கும் சாக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்."