முதுகில் எழுதியிருந்த பெயர்

அமெரிக்காவில் கண்ணாடிக்கல் பதித்த அலங்கார ஊசி ஒன்று, ஒரு புரோச், இருந்தது. வைரமில்லைதான், ஆனாலும் கடைச் சிப்பந்தி மேபல் அதைப் பழைய கோட்டில் குத்திக்கொண்டு ஆடப்போனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். மேபல் காலமான பிறகு, அது ஒரு சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

“இனி ஊரே என்னைப் பார்க்கும்!” என்று பூரித்தது.

“பார்க்கும், பார்க்கும்” என்றது பக்கத்திலிருந்த பழைய கம்மல்.

சேகரிப்பாளர் புரோச்சைத் திருப்பினார். முதுகில் பொறித்திருந்த, சேகரிப்பாளர்கள் தேடி அலையும் கம்பெனிப் பெயரைப் படித்து ஆனந்தத்தில் கண்கலங்கினார். வருகிறவர்களும் அந்தப் பெயரைப் படிக்கட்டும் என்று அதை வெல்வெட் விரிப்பில் குப்புறவே வைத்துப் பூட்டினார்.

“அக்கா, ஒரே இருட்டா இருக்கே. எப்போ திருப்பி வைப்பாங்க?”

“நான் வந்து இருபது வருஷமாச்சு” என்றது கம்மல். அதன் குரலும் வெல்வெட்டுக்குள் புதைந்துதான் வந்தது.