இழப்பு பூச்சியம்

சோலைக்காட்டில் ஒரு பறவையினம் அழிந்தால் காட்டுக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடும் மென்பொருளை இயக்குவதுதான் அமலோற்பவத்தின் வேலை. அதே காரியத்தைச் செய்ய இன்னொரு பறவை இருந்துவிட்டால், இழப்பு பூச்சியம் என்று அது சொல்லிவிடும். இப்போது மலைக் குடியிருப்பின் மனிதர்களையும் அந்த மென்பொருள்தான் அளந்தது. யாராவது இறந்தால் வீட்டாருக்குத் துக்க விடுப்பு உண்டா என்பதையும் அதுவே முடிவு செய்தது.

அவள் கணவன் சவரியப்பன் தண்ணீர் பம்பு ஓட்டுபவன். மண்சரிவில் சிக்கி இறந்துபோனான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதுமே மேலாளர் போனில் அழைத்தார்.

"பம்பு ஓட்ட இன்னொருத்தர் இருக்காரும்மா. அதனால பூச்சியம்னு காட்டுது. லீவு இல்ல." அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

"எனக்கு இன்னொருத்தர் இல்லையே, சார்," என்றாள் அவள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் துரைக்கண்ணு நின்றான். சவரியப்பனோடு சேர்ந்து பம்பு ஓட்டிய அந்த இன்னொருவன் அவன்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"என்னாலதான அண்ணி, அண்ணன் பூச்சியமாயிட்டாரு? வேலைய விட்டுட்டேன். மறுபடி கணக்குப் போட வச்சேன்."

"ஐயோ, அப்ப நீ எங்க போவ, தம்பி?"

"வேல இல்லாதவன் மலைய விட்டு எறங்க வேண்டியதுதான். அத விடுங்க. லீவு குடுத்துட்டாங்க, அண்ணி. இனி நீங்க உக்காந்து அழலாம்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அமலோற்பவம், அவன் கைகளைப் பற்றிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.