போர்டைக் கழட்டினது யார்?

"எந்த நாசமாப் போறவன் என் போர்டைக் கழட்டினது? மனுசனா இருந்தா முன்னாடி வரட்டும்!"

எழிலரசி போட்ட சத்தத்தில் பென்னலூரின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

சத்தம் போடாமல் என்ன செய்வாள்? கம்பெனியில் லைன் வேலையை விட்டுவிட்டு, பாவாடை சட்டை தைத்து வாட்ஸ்அப்பில் விற்றே தலையெடுத்தவள். தீபாவளிக்குப் பெரிய ஆன்லைன் கடையில் விற்கலாம் என்று கடன் வாங்கித் துணி எடுத்து அடுக்கியிருந்தாள். அங்கே விற்க ஜிஎஸ்டி நம்பர் வேண்டும். நம்பர் தருமுன் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். வாசலில் கடைப் பெயரோடு போர்டு தொங்க வேண்டும்.

தொங்கத்தான் செய்தது. லேஸ் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போய் வருவதற்குள் காணோம். அந்த நேரம் பார்த்து ஆபீசரும் வந்து, வெறும் கேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆபீசரிடம் போனில் கெஞ்சினாள். "அங்க தொழில் நடக்கற அடையாளமே இல்லம்மா. ரிஜெக்ட் போட்டாச்சு. திரும்ப அப்ளை பண்ணுங்க."

திரும்ப அப்ளை பண்ணி நம்பர் வருவதற்குள் தீபாவளியே போய்விடும்.

மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் சின்னப்பையன் இறங்கி வந்தார். அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எழிலரசியின் கணவன் லோகேஷை ஒரு தரம் பார்த்தார்.

"நான்தாம்மா கழட்டினேன்."

"நீயா பெருசு? வாடகையப் பேசிக் கொறைச்சேன்ல, அந்தக் காண்டா? குடி வந்தவ நாலு காசு பாத்தா உனுக்கு வயிறு எரியுதா?"

"தப்புதாம்மா."

"இன்னாத்துக்குக் கழட்டினே, அதச் சொல்லு!"

"வயசாயிடுச்சி. புத்தி வேலை செய்யல."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறினார். அவர் முதுகுக்குப் பின்னாலும் அவள் விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் வீசினாள்.

"போதும் எழிலு, உள்ள வா" என்றான் லோகேஷ்.

"நீ பேசாத! எனக்காக ஒரு வார்த்தை கேக்கத் துப்பு கீதா உனுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

கூட்டம் கலைந்த பிறகு, சின்னப்பையன் மனைவி கிளியம்மாள் போர்டோடு வந்தாள். முந்தானையால் தூசி துடைத்து நீட்டினாள்.

"இந்தா, உன் போர்டு. சொல்லாதன்னாரு, எனக்குத்தான் மனசு ஆறல. இன்னிக்கு ஈபி ரீடிங். போர்டைப் பாத்தா வூட்டு ரேட்டைத் தூக்கிட்டுக் கடை ரேட்டு போட்டுடுவாங்க, கழட்டி வையுங்கன்னு போன் வந்துச்சி. முட்டி வலியோட ஸ்டூல்ல ஏறிக் கழட்டினாரு. ரீடிங் எடுத்ததும் மாட்டலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள உன் ஆபீசர். போர்டைத் தூக்கிக்கினு அவர் வண்டி பின்னாடி முக்கு வரைக்கும் ஓடினாரும்மா. நிக்கல."

எழிலரசி போர்டை வாங்கிக்கொண்டாள். போன தடவை கரண்ட் பில் கூடுதலாக வந்தபோது வீட்டையே ரெண்டாக்கியது அவள்தான்.

"போன் பண்ணது யாரு பெரிம்மா?"

கிளியம்மாள் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்திருந்த லோகேஷின் கை, தட்டிலேயே நின்றுவிட்டிருந்தது.

எழிலரசி போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தாள். குரல் அதே உச்சத்தில்தான் எழுந்தது, பாதியில் உடைந்தது.

"நான் பேசினதுக்கு நான் போயி அவர் கால்ல விழறேன். போன் பண்ணிக் கழட்டச் சொல்லிட்டு, அவர் திட்டு வாங்கறதப் பாத்துக்கினு நின்னவன்... மனுசனா இருந்தா முன்னாடி வரட்டும். வந்து, இதே தெருவுல உண்மையச் சொல்லட்டும்!"