ஆம்ஸ்டர்டாம் போய் வந்தவன்

"போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல உன்ன ஒண்ணுமே விசாரிக்கலியா பன்னீரு? உன் சேலை கைத்தறிதானா, பவர்லூமான்னு கூடவா கேக்கல?"

ஜெயவேல் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"அவங்க ஏன்ணா கேக்கப் போறாங்க? கையெழுத்து வாங்கினாங்க, டிக்கெட்டைக் குடுத்தாங்க," என்றான் பன்னீர்செல்வம், ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே.

ஜெயவேலுக்கு வயிறு எரிந்தது. வெளிநாட்டுக் கைத்தறிக் கண்காட்சிக்கு ஆரணியிலிருந்து ஒரே ஒரு நெசவாளி. அந்த இடம் தனக்குத்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விண்ணப்பத்தை ரேணுகாம்பாள் அம்மன் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுத்தான் அனுப்பினார். எதை அனுப்பினாலும் அவருக்கு அப்படித்தான். கடைசியில் தன்னைவிடப் பத்து வயது சின்னவனான எதிர்வீட்டுப் பன்னீர் போய் வந்துவிட்டு, ஆம்ஸ்டர்டாம் ஆம்ஸ்டர்டாம் என்று ஊரையே அலற வைக்கிறான். இன்று அமாவாசை, தறிக்கு லீவு. சொந்தப் பெண்டாட்டி கமலமே அவன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்கிறாள்.

"இது யூதருங்க கோயிலு அண்ணி. உள்ள கரண்டே கிடையாது, மெழுகுவத்திதான். தரையில மணல் தூவி வெச்சிருக்காங்க."

"நம்ம ஆத்துல இல்லாத மணலா?" என்றார் ஜெயவேல். யாரும் சிரிக்கவில்லை.

"ஹிட்லர் ஆளுங்க அங்க வந்து யூதருங்களை வீடு வீடா தேடிப் பிடிச்சுகினு போயிருக்காங்க. இந்தத் தெருவுலதான் குழந்தைங்களை அடைச்சு வெச்சாங்களாம். ட்ராம் வந்து காவல்காரனை மறைக்கிற நேரம் பார்த்து, அங்க வேலை பார்த்தவங்க பையில போட்டுத் தூக்கிகினு போய் காப்பாத்தியிருக்காங்க."

கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இவள் அழுததில்லை என்று ஜெயவேலுக்கு ஞாபகம் வந்தது.

"சில பேர் யூதருங்களைப் பரண்மேல ஒளிச்சு வெச்சாங்க. வேற சில பேர் மொட்டைக் கடுதாசி போட்டுக் காட்டிக் குடுத்தாங்க."

கமலம் நிமிர்ந்தாள். "மொட்டைக் கடுதாசியா? அங்கயுமா?"

"ஆமா அண்ணி. எங்களுக்குச் சுத்திக் காட்டின பாட்டியம்மா அப்ப சின்னக் குழந்தையாம். அவங்க ஒளிஞ்சிருந்த வீட்டு மேலயும் ஒருத்தன் எழுதியிருக்கான். தபால் ஆபீஸ்ல வேலை பார்த்த ஒரு பொம்பளை, அதப் போய்ச் சேரவிடாம எடுத்து மறைச்சுட்டாளாம். அதனாலதான் உயிரோட இருக்கேன்னு சொல்லிச்சு."

"பிரிக்காமயே எப்படித் தெரிஞ்சுகினா?"

"அட்ரஸைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமாம்."

"தெரியும்," என்றாள் கமலம் மெதுவாக.

"எழுந்திரு, போலாம்." ஜெயவேல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். கமலம் பின்னாலேயே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வெடித்தார். "பெரிய கதை சொல்ல வந்துட்டான். எனக்கு ஒண்ணுதான் புரியல. இவனை எப்படி அனுப்பினாங்க? ஒரு விசாரணைகூட இல்லாமயா?"

கமலம் சாமி அலமாரியைத் திறந்து, ரேணுகாம்பாள் படத்துக்கு அடியிலிருந்து ஒரு கவரை உருவினாள். மூலையில் குங்குமம் காய்ந்திருந்தது.

"கண்காட்சிக்கு ஆள் எடுக்கிற சமயத்துல குடுத்தீங்களே, ஆத்தா காலடியில வெச்சுக் கும்பிட்டுட்டு தபால்ல போடுன்னு. கைத்தறி ஆபீஸ் அட்ரஸ் இருந்துது, அனுப்புறவங்க பேரு இல்ல. நீங்க எழுதின மொட்டைக் கடுதாசி வெளிய போக வேணாம்னு அங்கயே ஒளிச்சு வெச்சுட்டேன்."