மூன்று மொட்டைக் கடிதங்கள்

"ஒண்ணா, ரெண்டா? உங்க மேல மூணு மொட்டைக் கடுதாசி வந்திருக்கும்மா!"

இயக்குநர் காகிதங்களை மேஜை மேல் விசிறிப் போட்டார்.

"மூணா சார்?" கால்நடை மருத்துவரான அவள் நிஜமாகவே அதிர்ந்து போனாள்.

"சொன்ன நேரத்துக்கு வர்றதில்லையாம். சிடுமூஞ்சியாம், ஆட்டைக்கூட அதட்டுறீங்களாம். மூணாவது ஆளு இன்னும் ஒரு படி மேலே. 'இந்தத் திமிர் பிடித்தவரை நகரத்துக்கு மாற்றிச் சொகுசு கொடுத்துவிடாதீர்கள்'னு எழுதியிருக்கான்."

மூன்று வருடங்களுக்கு முன் இதே அறையில்தான், "அந்த மலைக்கு மட்டும் வேண்டாம் சார்" என்று அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அப்போதெல்லாம் நகரத்தில் அவளுக்கு வேலை, நாய்களின் தடுப்பூசிச் சான்றிதழில் முத்திரை குத்துவது. மலைக்குப் போன முதல் வாரமே, வயிற்றில் கன்று குறுக்கே திரும்பிவிட்ட பசுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்டுச் செய்யப் பெரிய டாக்டர் யாரும் இல்லை. அவளே கத்தியை எடுத்தாள். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அதன்பின் அவள் கத்திக்கு ஓய்வே இல்லை.

"உங்களை இங்கயே கூப்பிட்டுக்க ஆர்டர் ரெடியா இருந்துச்சு. இனிமே கிடையாது. இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே கிடங்க!"

"சார்..." அவள் அன்று போலவே கண்ணைக் கசக்கினாள்.

திரும்பி வரும்போது, பஸ்ஸில், யார் எழுதியிருப்பார்கள் என்று மலைக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு வலித்தது.

மலை பஸ் நிறுத்தத்தில் அவள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் காத்திருந்தார்.

"என்னாச்சு டாக்டரம்மா? மாத்திட்டாங்களா?"

"இல்லைங்க. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க."

கம்பவுண்டர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. போன டாக்டரை ஆகா ஓகோன்னு பாராட்டி ஊரே சேர்ந்து மனு எழுதினோம். பத்தே நாள்ல பிரமோஷன் குடுத்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒன்றரை வருஷம் டாக்டரே இல்லாம தவிச்சோம். அதான் உங்களைப் பத்தி மாத்தி எழுதினோம். நானே உக்காந்து எழுதினேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அதுக்காக மூணா?"

"சத்தியமா ரெண்டுதாம்மா! மூணாவது எந்தப் படுபாவி எழுதினான்னு தெரியலையே!"

"திட்டாதீங்க. மலையில அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் எனக்கு ஆபரேஷன் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும்," என்றாள் அவள். "அந்தப் படுபாவி நான்தான்."