ஆள் இல்லாத காட்டேஜ்

பாடிக்கொண்டிருந்த ரேடியோ கம்மி, இழுத்து, நின்றுபோனது.

எனக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது.

பாவாடையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். விறகுக் கட்டுக்கும் பலகைச் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறை. அதில் மதுரையிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் தங்கியிருந்தார்கள்.

மலைக்கு வெளியூர் ஆட்கள் வருகிற சீசன் முடியும்வரை அதை வீடு என்று சொல்லக் கூடாது. காட்டேஜ்.

பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடித்துத் தருகிற வேலுச்சாமி அண்ணன்தான் அப்பாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார்.

"ரூமுன்னா பக்கத்து ரூமுல ஆள் இருக்கும். லாட்ஜுன்னா மேனேஜர் இருப்பான். காட்டேஜுன்னா ஒரு குஞ்சு இருக்கக் கூடாது, பாத்துக்கங்க. வர்றவுக அதத் தன் வீடுன்னு நெனைக்கணும். ஒங்க மூச்சுச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் இந்த நாயுடுபுரம் பக்கமே நான் ஆள் கூட்டியார மாட்டேன்."

அப்பாவுக்குச் சீசனை விட்டால் வேறு வேலை கிடையாது. தலையாட்டினார். அன்றைக்கே மாதா படத்தையும் எங்கள் தட்டுகளையும் என்னையும் விறகுக் கொட்டடிக்கு மாற்றினார். எங்கள் வீடு கீழே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டார். கதவில் மாட்டும் அட்டையில் காட்டேஜ் என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

அம்மா விடிவதற்குள் கான்வென்ட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நான் மட்டும்தான் பகலில் இங்கே. கொட்டடிக் கதவைத் திறந்தால் எதிரே அவர்கள் ஜன்னல். அதைத் தாண்டாமல் ரோட்டுக்குப் போக வழியில்லை.

அந்த மதுரை ஆள் வந்த அன்றே கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"போன தடவ எடுத்த வீட்ல விடிய விடிய வீட்டுக்காரன் கொறட்டை. இங்கயும் ஆள் இருந்துச்சு, அந்த நிமிசமே கெளம்பிருவேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆனால் நான் அதிகம் பயந்தது அவருக்கு இல்லை. அந்த அக்காவுக்குத்தான்.

நான் இருமும்போதெல்லாம் அந்த அக்காவின் கொலுசு சுவர்ப் பக்கம் வரும். வந்து நிற்கும். பலகை இடுக்கில் ஊதாச் சேலை தெரியும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். பிறகு ரேடியோ திடீரென்று அலறும்.

எரிச்சலில்தான் அப்படி வைக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை இருமினால் புருஷனிடம் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

இப்போது ரேடியோவும் இல்லை.

"பேட்டரி தீந்துபோச்சு" என்றார் அந்த ஆள்.

தகரத்தில் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மாதாவே, மழை விடக் கூடாது என்று வேண்டினேன். மழை விட்டது.

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துணியைக் கடித்தேன். விறகில் நெற்றியை வைத்து அழுத்தினேன்.

இருமல் வெடித்துவிட்டது. ஒன்றோடு நிற்கிற இருமல் இல்லை அது.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"யாரு அது?"

செருப்புச் சத்தம் சுவரை நோக்கி வந்தது. கொலுசு அதை முந்திக்கொண்டு ஓடி வந்தது.

பலகையில் ஒரு முதுகு வந்து மோதியது. இடுக்கு இருண்டது.

அப்புறம் அந்த அக்கா இருமினாள். அடிவயிற்றிலிருந்து, பெரிதாக, நிற்காமல். அந்தச் சத்தத்துக்குள் என் இருமலும் போய்விட்டது.

"நீயா?"

"வேற யாரு இருக்கா இங்க? வந்ததுலயிருந்து நெஞ்சு கரகரன்னு கெடக்கு. ஒங்களுக்கு இப்பத்தான் காது கேக்குது."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா வைவீகளே, கம்பளிச் சொட்டர் போடலைன்னு."

"போட்டியா?"

அவள் மறுபடியும் இருமினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்தார். மருந்துக் கடை எங்கே இருக்கிறதோ என்று சலித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பலகை இடுக்கு வழியாக என் இருமல் அந்த அக்காவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்களை நம்பி வந்தவளைச் சீக்காளி ஆக்கிவிட்டேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் காட்டேஜைத்தானே சொல்வார்கள்? தூங்கப் போகும்வரை அவளுக்காகச் செபம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரவில் அம்மா எப்போதும்போல் என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் அவர்கள் வெள்ளனே கிளம்பினார்கள். வாசலில் அந்த ஆள் அப்பாவிடம் சாவியைக் கொடுத்தார்.

"அடுத்த சீசனுக்கும் இதே காட்டேஜுதான். ஈ காக்கா இல்ல. எம் பொண்டாட்டி இருமல்தான் காதத் தொளச்சிருச்சு."

அப்பா சிரித்தார். அந்த அக்காவின் கொலுசு படியிறங்கிப் போனது.

அன்றைக்கு அம்மாவுக்கு லீவு. முன்னறையைக் கூட்டப் போனவள் ஒரு இருமல் மருந்துப் பாட்டிலோடும் ஒரு கரண்டியோடும் திரும்பி வந்தாள்.

"சொவத்தோரம், பலகை இடுக்குகிட்ட வச்சு மறந்துட்டுப் போயிருக்காக. பாவம், வழியில இருமலுக்கு என்ன செய்வாளோ" என்றாள். "நீ ஒரு வாய் குடி."

மூடியைத் திருகினாள்.

டக்கென்று, அப்போதுதான் சீல் உடைந்தது.